வேட்டைக்காரர் முடிந்து வைத்த காசு

குழந்தை இருக்கிற வீட்டில் கரடிப் பொம்மை ஒன்று இல்லாமல் இருக்காது. காது பிய்ந்து, கண்ணுக்குப் பதில் சட்டைப் பொத்தான் தைத்து, வயிற்றிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தாலும் குழந்தை அதை விடாது, கட்டிக்கொண்டுதான் தூங்கும். 'டெடி' என்று உலகமெல்லாம் அந்தப் பொம்மைக்கு வழங்குகிற பெயர் யாருடையது தெரியுமா? ஒரு வேட்டைக்காரருடையது!

அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் என்று ஒரு ஜனாதிபதி இருந்தார். செல்லப் பெயர் 'டெடி'. 1902 நவம்பரில் அவர் மிஸிஸிப்பி ராஜ்யத்துக் காட்டுக்குக் கரடி வேட்டைக்குப் போனார். எவ்வளவு அலைந்தும் அவர் துப்பாக்கிக்கு ஒரு கரடிகூட அகப்படவில்லை. ஜனாதிபதி வெறுங்கையோடு திரும்பலாமா? கூட வந்தவர்கள் நாய்களை விட்டு ஒரு கரடியைத் துரத்திப் பிடித்து, அடித்து, மரத்தில் கட்டி வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்கள். கட்டிப் போட்ட பிராணியைச் சுடுவதும் ஒரு வேட்டையா என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். கிளிஃபர்ட் பெரிமன் என்ற சித்திரக்காரர் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் இதைக் கேலிச் சித்திரமாகப் போட்டார். புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மிக்டம் என்பவரின் மனைவி ரோஸ் அம்மாள், துணியில் ஒரு கரடிக் குட்டியைத் தைத்துக் கொடுத்தாள். கடையில் வைத்தார்கள். பொம்மை பிறந்துவிட்டது.

இது எல்லோரும் சொல்கிற கதை. சொல்லாமல் விடுகிற வால் ஒன்று உண்டு. குற்றுயிராய்க் கிடந்த அந்தக் கரடி மேலும் வதைபட வேண்டாம் என்று, அதன் உயிரைப் போக்கிவிடும்படி ரூஸ்வெல்ட்டே சொன்னார். அப்படியே செய்தார்கள்.

குழந்தைக்கு இதைச் சொல்ல வேண்டாம். பெரியவர்களாகிய நாம் தெரிந்துகொள்ளலாம். ஏனென்றால் இந்த வாரம் நான் சொல்ல வந்த விஷயமும் இப்படி இரண்டு முகம் உடையதுதான். அமெரிக்காவில் பறவைகளும் மிருகங்களும் வாழ்வதற்கென்று பொது நிலம் ஒதுக்கியதிலும், அந்த நிலத்துக்குப் பணம் கொடுத்ததிலும், அதற்கான சட்டங்களை வகுத்ததிலும் பெரும் பங்கு வேட்டைக்காரர்களுடையது. "சுடுகிறவனா காப்பான்?" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்கைப் பார்த்தபிறகு, அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை.

விற்பதற்குச் சுட்டவர்கள்

ஒரு காலத்தில் அந்த நாட்டுப் புல்வெளிகளில் காட்டெருமைகள் கோடிக்கணக்கில் மேய்ந்தன. தோலுக்காக அவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். 1880-களின் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது ஆயிரத்தையொட்டித்தான் மிச்சம் இருந்தன. 'பாசஞ்சர் புறா' என்று ஒரு புறா இனம். கூட்டமாய்ப் பறந்தால் சூரியனையே மறைக்கும் என்பார்கள். அவற்றைக் கொன்று பீப்பாயில் அடைத்து, ரயிலேற்றிப் பட்டணத்துக்கு அனுப்பி விற்றார்கள். அந்த இனத்தின் கடைசிப் புறா, 'மார்த்தா' என்று பெயர் வைத்திருந்தார்கள், 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் கூண்டுக்குள் செத்துப் போயிற்று. அதோடு சரி, உலகத்தில் அந்தப் புறாவே இல்லை.

வேட்டைக்காரர்களில் இரண்டு வகை உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒருவன் சந்தைக்காகச் சுடுகிறவன். இருப்பது தீர்ந்தால் வேறு தொழில் பார்க்கப் போய்விடுவான். மற்றவன் பொழுதுபோக்காக வருஷத்துக்குச் சில நாள் காட்டுக்குப் போகிறவன். அவனுக்கு அடுத்த வருஷமும் மான் வேண்டும், வாத்து வேண்டும். தன் பேரப்பிள்ளைக்கும் வேண்டும். பிராணிகள் குறைந்து வருவது முதலில் உறைத்தது இந்த இரண்டாவது வகை ஆளுக்குத்தான்.

ரூஸ்வெல்ட் இந்த வகை. 1887-லேயே வேட்டைக்கார நண்பர்களைச் சேர்த்துக் கொண்டு 'பூன் அண்டு கிராக்கெட்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார். 1901-லிருந்து 1909 வரை ஜனாதிபதியாக இருந்தபோது, 1903-ல் ஃபிளாரிடாவில் பெலிகன் தீவு என்ற சின்னஞ்சிறு தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கினார். அங்கே தொடங்கி 51 பறவைச் சரணாலயங்கள். காடு, மலை எல்லாம் சேர்த்து அவர் காலத்தில் காப்பாற்றப்பட்ட பொது நிலம் சுமார் 23 கோடி ஏக்கர்!

தொப்பியில் இறகு

ஆண்கள் பெருமை மட்டும் பேசினால் நம் சகோதரிகளுக்குக் கோபம் வரும். நியாயமான கோபந்தான். ஏனென்றால் இந்தக் கதையில் பெண்கள் செய்த காரியமும், பெண்களால் நேர்ந்த பாவமும், இரண்டும் உண்டு.

அந்தக் காலத்து மேல்நாட்டுச் சீமாட்டிகள் தொப்பியில் கொக்கு இறகு வைத்துக்கொள்வது நாகரிகம். சில சமயம் முழுப் பறவையையே பாடம் பண்ணி வைத்துக்கொள்வார்கள். கொக்குக்கு அழகான இறகு முளைப்பது குஞ்சு பொரிக்கும் பருவத்தில். தாயைச் சுட்டால் கூட்டில் குஞ்சு பட்டினி கிடந்து சாகும். பாஸ்டன் நகரத்தில் ஹாரியட் ஹெமன்வே என்ற சீமாட்டியும் அவருடைய உறவினர் மினா ஹால் அம்மாளும் இதைப் பற்றிப் படித்துவிட்டு, 1896-ல் ஊரிலுள்ள பெரிய வீட்டுப் பெண்களை ஒவ்வொருவராகத் தேநீருக்கு அழைத்துப் பேசினார்கள். "இனி இறகுத் தொப்பி வேண்டாம்" என்று வாக்கு வாங்கினார்கள். அதிலிருந்து மாஸசூஸெட்ஸ் ஆடபன் சங்கம் பிறந்தது. அந்த இயக்கம் நாடெங்கும் பரவிற்று.

சட்டங்கள் வந்தன. 1900-ல் வந்த லேஸி சட்டம், கள்ளத்தனமாகக் கொன்ற பிராணிகளை ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குக் கொண்டுபோய் விற்பதைத் தடுத்தது. 1918-ல் வலசைப் பறவைகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது.

ஆனால் சட்டம் மட்டும் போதுமா? "சுடாதே" என்று மனிதனுக்கு உத்தரவு போடலாம். வாத்து எங்கே இறங்குவது? சதுப்பு நிலங்களிலெல்லாம் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, உழவுக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தார்கள். 1930-களில் கடுமையான பஞ்சம். இருந்த குட்டைகளும் காய்ந்து மண் புயலாய்க் கிளம்பிற்று. வாத்துக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் மெலிந்தது. பறவைகளுக்காக நிலம் வாங்கலாம் என்று 1929-ல் சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் இருந்தது, பெட்டியில் பணம் இல்லை. உலகமே பண முடையில் தவித்த காலம். மனிதனுக்கே ரொட்டிக்கு வழி இல்லாதபோது வாத்துக்கு யார் கொடுப்பார்கள்?

கேலிச் சித்திரக்காரர் வரைந்த முத்திரை

ஐயோவா ராஜ்யத்தில் ஜே நார்வுட் டார்லிங் என்று ஒரு பத்திரிகைச் சித்திரக்காரர். 'டிங்' என்று கையெழுத்துப் போடுவார். வாத்து வேட்டையில் பெரிய பித்து. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். டார்லிங்கோ எதிர்க்கட்சி, ஜனாதிபதியைச் சித்திரத்தில் கிண்டல் செய்து தீர்த்துக் கொண்டிருந்தவர். "இத்தனை குறை சொல்கிறாயே, நீயே வந்து செய்து காட்டு" என்கிற பாவனையில், 1934-ல் ஜனாதிபதி அவரையே வனவிலங்கு இலாகாவுக்குத் தலைவராக்கிவிட்டார்!

அந்த வருஷம் மார்ச் 16-ஆம் தேதி ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. 16 வயதுக்கு மேற்பட்ட எவனும் வாத்து வேட்டைக்குப் போகவேண்டுமானால், முதலில் தபாலாபீஸில் ஒரு முத்திரை வாங்க வேண்டும். நம் வீட்டு வாடகை ரசீதில் ரெவினியூ ஸ்டாம்பு ஒட்டி அதன் குறுக்கே கையெழுத்துப் போடுகிறோமல்லவா? அதே மாதிரி முத்திரையின் மேலே மையால் குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும். விலை ஒரு டாலர். அப்போது ஒரு டாலருக்குப் பத்துப் பன்னிரண்டு ரொட்டி வாங்கலாம். ஆகவே அது சின்னத் தொகை இல்லை. முதல் முத்திரைக்குப் படம் வரைந்தவரும் டார்லிங்தான்: இறக்கையை விரித்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற இரண்டு வாத்துகள். முதல் வருஷத்தில் 6,35,001 முத்திரைகள் விற்றன.

டார்லிங்குக்கு உதவிய பீட்டர் நார்பெக் என்ற செனட்டரைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வார்கள். நிலம் வாங்க 60 லட்சம் டாலர் வேண்டும் என்று அவர் ஒரு தீர்மானத்தைச் சபையில் படித்தார். படிப்பதற்கு முன்னால் பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டாராம்! ஏற்கெனவே அவர் பேச்சு ஒரு மாதிரி. பல்லும் இல்லாமல் போகவே, என்ன கேட்கிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. மரியாதைக்கு எல்லோரும் "சரி" என்றார்கள். பணம் பாஸாகிவிட்டது. டார்லிங்கே சொன்ன கதை இது.

அந்த முத்திரை இன்றும் ஒவ்வொரு வருஷமும் வெளிவருகிறது. 1949 முதல் அதற்கென்று ஓவியப் போட்டி நடக்கிறது. இப்போது விலை 25 டாலர். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் சேர்ந்து, 60 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. வாத்துக்காக வாங்கிய சதுப்பில் வாத்து மட்டுமா இருக்கும்? கொக்கும் நாரையும் தவளையும் தட்டாரப் பூச்சியும் அங்கேதான் குடித்தனம். மழை வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதும் அதே சதுப்புதான்.

பெண்கள் தட்டிய கதவு

முத்திரை வாத்துக்கு ஆயிற்று. மானுக்கும் மற்றவற்றுக்கும்? துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது. அது பொதுக் கஜானாவில் கலந்துகொண்டிருந்தது. அந்த வரிப் பணத்தைத் தனியாக எடுத்து வனவிலங்குக்கே கொடுத்துவிட வேண்டும் என்று 1937-ல் ஒரு மசோதா வந்தது. செனட்டில் அதைக் கொண்டுவந்தவர் கீ பிட்மன். கீழ்ச் சபையில் வில்லிஸ் ராபர்ட்ஸன். மசோதாவை எழுத உதவியவர் கார்ல் ஷூமேக்கர்.

கீழ்ச் சபைக் கமிட்டியில் இல்லினாய் ராஜ்யத்து ஸ்காட் லூகாஸ் மசோதாவை எடுக்காமல் தூங்கப் போட்டிருந்தார். ஷூமேக்கர் ஒரு யுக்தி செய்தார். இல்லினாயில் உள்ள மாதர் சங்கங்களுக்கும், வீட்டுத் தோட்டம் போடும் பெண்களின் சங்கங்களுக்கும் கடிதம் எழுதினார். பிறகு கேட்பானேன்! லூகாஸுக்குக் கடிதங்களும் தந்திகளும் வந்து குவிந்தன. சில நாளில் அவர் ஷூமேக்கரைப் பார்த்து, "ஐயா, இந்தப் பெண்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லும், மசோதாவை உடனே அனுப்பிவிடுகிறேன்" என்கிற பாணியில் கெஞ்சினாராம். பிற்காலத்தில் ஷூமேக்கரே இதை எழுதி வைத்தார். 1937 செப்டம்பர் 2-ஆம் தேதி மசோதா சட்டமாயிற்று. வேட்டைக்காரரின் சட்டம் என்று பேர் பெற்றது. கதவைத் தட்டித் திறந்தவர்கள் தோட்டம் போட்ட பெண்கள்!

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் வேண்டுதலுக்காக மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்போம். மாதக் கடைசியில் பால்காரன் வாசலில் வந்து நின்றாலும் அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டோம். திருப்பதிக்கு என்றால் திருப்பதிக்குத்தான். அதே மாதிரி, மத்திய சர்க்காரின் பணம் வேண்டும் என்கிற ராஜ்யம் முதலில் ஒரு சட்டம் போட்டாக வேண்டும்: வேட்டை லைசென்சில் வருகிற காசை வனவிலங்கு இலாகாவைத் தவிர வேறு எதற்கும் தொடுவதில்லை என்று. அதற்கு முன்னால் அந்தக் காசை எடுத்துச் சாலை போடுகிற ராஜ்யங்களும் இருந்தன. முடிச்சுப் போட்ட பிறகு அவிழ்ப்பது சுலபமாக இல்லை. செலவில் முக்கால் பங்கு மத்திய சர்க்கார், கால் பங்கு ராஜ்யம். ராஜ்யத்தின் பரப்பையும், அங்கே லைசென்சு வாங்கியவர்களின் தொகையையும் வைத்துப் பங்கு பிரிக்கிறார்கள். 2022, 2023 வருஷங்களில் இந்த வகையில் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள்.

பலன்? 1900-ஐ ஒட்டி ஐந்து லட்சம்கூட இருக்காது என்று கணக்கிட்ட வெள்ளைவால் மான்கள் இன்று சுமார் மூன்று கோடி. வீட்டுத் தோட்டத்தில் புகுந்து ரோஜாச் செடியை மேய்ந்துவிடுகிறது என்று அந்த நாட்டு அம்மாமார்கள் இப்போது மானைத் திட்டுகிறார்கள்! வெகுவாய்ச் சுருங்கியிருந்த காட்டு வான்கோழிகளும் 60 லட்சத்தையொட்டிப் பெருகியிருக்கின்றன.

கொடுத்தவர் சொல்

இங்கேயே நிறுத்தினால் கதை சுபமாக முடிந்துவிடும். ஆனால் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வீட்டில் யார் பணம் கொடுக்கிறாரோ அவர் சொல் எடுபடும். கூடத்துக்கு என்ன நிறம் அடிப்பது என்பதிலிருந்து, கல்யாணத்துக்கு எந்த மேளம் என்பது வரைக்கும். காட்டு விஷயத்திலும் அதுவே நடந்தது.

முத்திரையின் விலையை 1949-ல் இரண்டு டாலராக உயர்த்தினார்கள். அதே சட்டத்தில், சரணாலயங்களின் கால் பகுதி வரை வேட்டைக்குத் திறந்துவிடலாம் என்று ஒரு விதி சேர்ந்தது. 1958-ல் விலை மூன்று டாலர். திறந்துவிடும் பகுதி நூற்றுக்கு நாற்பது. சரணாலயம் என்று பெயர் இருக்கிற இடத்திலேயே குறிப்பிட்ட பருவத்தில் துப்பாக்கிச் சத்தம்! 1997-ல் வந்த சட்டம், சரணாலயங்களில் மக்களுக்கு முக்கியமாக அனுமதிக்க வேண்டியவை என்று ஆறு காரியங்களைப் பட்டியல் போட்டது. அதில் முதலாவது வேட்டை.

வேட்டைக்காரருக்கு வேண்டிய பிராணி செல்லப்பிள்ளை. அதைத் தின்கிற பிராணி விரோதி. பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் வேட்டை லைசென்சுப் பணத்தில் நடந்த கமிஷன், 1929 முதல், கோஷாக் என்ற வல்லூறு ஒன்றைக் கொன்றால் ஐந்து டாலர் வெகுமதி என்று அறிவித்திருந்தது. வேட்டைப் பறவைகளை அது கொண்டு போகிறது என்று காரணம். அந்த ராஜ்யத்தில் ஒரு மலைத்தொடர். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பருந்துகளும் கழுகுகளும் அதையொட்டித் தெற்கே பறக்கும். உச்சியில் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு வருவதையெல்லாம் சுட்டு வீழ்த்துவார்கள். தின்பதற்கும் இல்லை, விற்பதற்கும் இல்லை; குறி பார்ப்பதற்கு.

நியூயார்க்கில் ரோஸலி எட்ஜ் என்று ஒரு அம்மாள் இருந்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. செத்த பருந்துகளை வரிசையாகக் கிடத்தி எடுத்த படங்களைப் பார்த்தார். மகஜர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1934-ல், அதாவது வாத்து முத்திரை வந்த அதே வருஷத்தில், அந்த மலையில் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்! மாரிஸ் பிரௌன் என்ற இளைஞரைக் காவலுக்கு வைத்தார். துப்பாக்கியோடு வந்தவர்களைக் கீழே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் பிரௌனின் மனைவி இர்மா. பிறகு மலை விலைக்கே வாங்கப்பட்டு 1938-ல் ஒரு சங்கத்தின் பொறுப்பில் வந்தது. 'பருந்து மலை' என்று இன்று உலகமெங்கும் பேர் பெற்ற இடம் அது. அங்கே வருஷந்தோறும் எண்ணி வைத்த பறவைக் கணக்கில் குஞ்சுக் கழுகுகள் குறைந்து வந்ததைத்தான், பூச்சி மருந்தின் கொடுமையை எடுத்துச் சொல்லி 1962-ல் ரேச்சல் கார்ஸன் அம்மாள் எழுதிய 'மௌன வசந்தம்' என்ற புத்தகம் சான்றாகக் காட்டியது. பருந்துக்கும் கழுகுக்கும் ஆந்தைக்கும் வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது 1972-ல். எட்ஜ் அம்மாள் அதற்கு 38 வருஷம் முந்திக்கொண்டார்.

கேட்காமல் எடுத்த நிலம்

கணக்கில் இன்னொரு பற்றும் இருக்கிறது. பொது நிலம், பொது நிலம் என்கிறோமே, அது யாரிடமிருந்து வந்தது? மான்டானா ராஜ்யத்தில் 1908-ல் காட்டெருமைகளுக்கென்று 18,000 ஏக்கருக்கு மேல் ஒதுக்கினார்கள். எருமைகளை வாங்க ஜனங்களிடம் நன்கொடை திரட்டினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அந்த நிலம் சேலிஷ், கூட்டனை என்ற பழங்குடி மக்களுக்கென்று உடன்படிக்கை செய்து விட்டிருந்த பூமி. அவர்கள் சம்மதம் இல்லாமலே எடுத்துக்கொண்டார்கள். பல பத்து வருஷம் கழித்து நீதிமன்றம் அதைத் தவறென்று சொல்லி நஷ்ட ஈடு கொடுக்க வைத்தது. 2020 டிசம்பரில் வந்த ஒரு சட்டத்தின்படிதான் நிலமே அவர்கள் வசம் திரும்பிற்று. இப்போது எருமைகளை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

வேட்டைக்காரரின் ஈயக் குண்டும் இப்படி ஒரு பற்று. சுட்டுச் சிதறிய ஈயத் துணுக்குகள் சேற்றில் விழும். வாத்து அதைக் கல் என்று நினைத்து விழுங்கி விஷமேறிச் சாகும். 1991 முதல் நாடு முழுவதிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

இனி யார் கொடுப்பது?

இப்போது அந்த நாட்டில் ஒரு புதுக் கவலை. 1970-களின் தொடக்கத்தில் வருஷத்துக்கு 24 லட்சம் வாத்து முத்திரைகள் விற்றன. சமீப வருஷங்களில் 15 லட்சத்தையொட்டித்தான் விற்கின்றன. துப்பாக்கி வரி ஏராளமாக வருகிறது. ஆனால் வாங்குகிறவர்களில் பெரும்பகுதி காட்டுப் பக்கமே போகாதவர்கள். பயத்துக்கும் குறி பார்த்துப் பழகவும் வாங்குகிறார்கள். பயம் அதிகமானால் பறவைக்குப் பணம் அதிகம் என்றால், இது என்ன விபரீதமான வரவு!

2022-ல் எடுத்த கணக்கின்படி அமெரிக்காவில் வேட்டைக்குப் போனவர்கள் 1 கோடியே 44 லட்சம் பேர். பறவை பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் 9 கோடியே 60 லட்சம் பேர். சுடாமல் பார்த்து மட்டும் சந்தோஷப்படுகிற கூட்டந்தான் பெரியது. ஆனால் தூரதரிசினிக் கண்ணாடிக்கும், பறவைக்குப் போடுகிற தீனிக்கும், கூடாரத்துக்கும் ஒரு சிறு வரி போட்டு அதைக் காட்டுக்குக் கொடுக்கலாம் என்று 1990-களில் ஒரு யோசனை வந்தபோது, சாமான் செய்கிற கம்பெனிகள் எதிர்த்தன, யோசனை படுத்துவிட்டது. பறவையிடம் அன்பு இருக்கிறது, பர்ஸ் திறக்கவில்லை.

திறந்த இடமும் ஒன்று உண்டு. மிஸ்ஸௌரி ராஜ்யத்தில் 1936-ல் வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் முன்னின்று, அரசியல் தலையீடு இல்லாத ஒரு வனக் கமிஷனை ஜன வாக்கெடுப்பில் கொண்டுவந்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1976-ல், இன்னொரு வாக்கெடுப்பு. கடையில் எட்டு டாலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு சென்ட் வனத்துக்கு, அவ்வளவுதான். சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தது. அன்றிலிருந்து அங்கே துப்பாக்கியைத் தொட்டே அறியாத பாட்டியும், பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சட்டை வாங்குகிற தாயும் காட்டுக்குக் கொடுக்கிறார்கள். எல்லோரும் கொடுப்பதால் மானுக்கும் வாத்துக்கும் மட்டுமல்லாமல், யாரும் சுடாத தவளைக்கும் காட்டுப் பூவுக்கும்கூட அங்கே செலவு செய்ய முடிகிறது.

நம் நாட்டில் 1972-ஆம் வருஷச் சட்டமும் 1991-ல் செய்த திருத்தமும் வேட்டையை அடியோடு நிறுத்திவிட்டன. அமெரிக்கர்களின் வழி நமக்கு வேண்டியதில்லை. கொல்லாமையைப் பெரிதென்று போற்றுகிறவர்களுக்கு அது ஒத்தும் வராது. ஒரு வாத்தைச் சுட்டு வீழ்த்துவதில் என்ன ஆனந்தம் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் அவர்களைக் குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அந்த ஒரு டாலர் குறுக்கே வந்து நிற்கிறது. தின்ன ரொட்டிக்குப் பஞ்சமான வருஷத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தபாலாபீஸ் ஜன்னலில் கொடுத்த டாலர். தங்கள் ஆசைக்காகத்தான் கொடுத்தார்கள். கொடுத்ததனால் அவர்கள் பேச்சு எடுபட்டது. சரணாலயத்தின் கதவு அவர்களுக்குத் திறந்தது. பருந்துக்கு நியாயம் கிடைத்ததும் தீர்மானம் போட்டவர்களால் அல்ல, குத்தகைப் பணத்தோடு மலை ஏறிய ஒரு அம்மாளால்தான்.

வாத்து முத்திரையை வேட்டைக்காரர்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை; யாரும் வாங்கலாம். கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் நுழைவுக் கட்டணம் வாங்கும் சரணாலயங்களில் அதையே சீட்டாகக் காட்டி உள்ளே போகலாம். துப்பாக்கி இல்லாமல் அதை வாங்குகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். "எனக்கு ஒரு வாத்தும் வேண்டாம், அது பறந்தால் போதும்" என்று சொல்லி 25 டாலர் கொடுக்கிறவர்கள். அவர்கள் தொகை பெருகப் பெருக, அந்த நிலத்தை எப்படி நடத்துவது என்ற பேச்சில் அவர்கள் குரலும் ஓங்கும்.

நம் வீட்டுக் கணக்கு நோட்டில் பால், பலசரக்கு, வண்ணான், பள்ளிச் சம்பளம் என்று வரி வரியாக எழுதுகிறோம். நமக்குப் பிரியமான பொதுக் காரியம் எதுவோ, ஏரியோ மரமோ பறவையோ, அதற்கென்று அந்த நோட்டில் ஒரு வரி இருக்கிறதா? தொகை எட்டணாவாக இருந்தாலும் பரவாயில்லை. மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு மாதிரி அது இருக்க வேண்டும். பால்காரன் வந்தாலும் அவிழ்க்கக் கூடாது.